நாயினமும் சமூகத் தகுதியும் – ஓர் இலக்கிய நோக்கு

ஒருவரின் தகுதியை அவர் உடுக்கும் உடையாலும் ஏறிச் செல்லும் ஊர்தியாலும் அளப்பது உலகத்து வழக்கம். அண்மைக் காலத்தில் இவ்வளவுகோல்களோடு மற்றொன்றும் சேர்ந்துள்ளது. அவர் வீட்டு நாய் எந்த இனத்தது என்பதே அது. நாயின் இனம் அதனை வளர்ப்போரின் வர்க்கத்தைக் காட்டுமா? காட்டுமெனில், அதனைக் காட்டுவது நாயா, காண்பவரின் கண்ணா? இவ்வினாக்களுக்கு நம் இலக்கியத்திலும், நாம் வந்து குடியேறிய இவ்வெல்லைப்புறத்தின் வரலாற்றிலும் விடை தேட முற்படுகின்றோம். நாயைப் பற்றிய ஆய்வு சங்க மலருக்குத் தகுமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். தருமன் வானுலக வாயிலில் நின்று வாதாடியது ஒரு நாயின் பொருட்டே என்பதை நினைவுகூர்ந்தால் அவ்வையம் அகலும்.

எல்லைப்புறத்துக் காட்சி

களியக்காவிளையைக் கடந்து இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையை நம்மில் அறியாதார் இலர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி மக்களின் நாவில் விழவில்லை. இன்றும் இங்குச் சந்தையில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வாழ்வோர் பலர். நடுவணரசு அலுவல் காரணமாக வந்தோரும், கடை வைத்துப் பிழைக்க வந்தோரும், கட்டடப் பணிக்கு வந்தோரும் இவர்களிடையே கலந்து வாழ்கின்றனர்.

இச்சாலையின் இருமருங்கிலும் மூவகை நாய்களைக் காணலாம். சந்தையையும் பேருந்து நிலையத்தையும் நம்பி வாழும் தெருநாய் முதல்வகை. மரச்சீனி விளையிலும் வாழைத் தோட்டத்திலும் கட்டின்றித் திரிந்து, வீட்டார் உண்டு எஞ்சிய சோறும் மீன்முள்ளும் தின்று வளரும் நாட்டு நாய் இரண்டாம் வகை. வளைகுடா நாட்டு வருவாயில் எழுந்த உயர்ந்த மதிலுக்குள், கூண்டில் வைத்துக் கடையில் வாங்கிய தீனியளித்து வளர்க்கப்பெறும் உயர்விலை நாய் மூன்றாம் வகை. முதல்வகைக்குப் பெயரில்லை. இரண்டாவது மணி, கறுப்பன் என்று விளிக்கப்பெறும். மூன்றாவது வெளிநாட்டுப் பெயர் தாங்கும். அதனை அழைப்போரும் ஆங்கிலத்திலேயே ‘கம்’ என்றும் ‘சிட்’ என்றும் ஏவுவர். தாய்மொழியில் ஏவினால் அந்நாய்க்கு விளங்காது என்பதன்று. கேட்கும் அண்டை வீட்டாருக்கு அதன் விலை விளங்காது போகும்!

முன்னோர் கண்ட நாய்

பழந்தமிழர் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கினர். அவர்தம் பாட்டில் நாய் பெரும்பாலும் வேட்டுவனின் துணை. நாலடியார் ஒரு படி மேலே சென்று, நட்பிற்கு யானையினும் நாயே சிறந்த உவமை எனக் கொண்டது. பலநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ தன்மேல் எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் உடையவனைக் கண்டு வாலை ஆட்டும். அரசரின் உடைமையாகிய யானையைத் தாழ்த்தி, எளியோர் வாசலில் கிடக்கும் நாயை உயர்த்திய இக்கருத்து, உடைமையை நோக்காது பண்பை நோக்கியதாகும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் இதனினும் வியப்புடையது. ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் எழுந்த அக்கல், மாண்ட வீரனோடு அவன் நாயையும் காட்டுகிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்லெழுத்து கூறுகிறது. நாயின் பெயர் உண்டு, செயல் உண்டு, இனம் இல்லை. இதனை மனத்திற் கொள்க. இனத்தால் அன்றிச் செயலால் நாயைப் போற்றிய மரபு நம்முடையது.

1859ஆம் ஆண்டு

நாயை இனத்தால் தரம் பிரித்துச் சான்றிதழ் வழங்கும் முறை இங்கிலாந்தில் வேரூன்றி வளர்ந்தது. 1859 ஜூன் மாதம் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. இன்றைய கண்காட்சிகளுக்கெல்லாம் அதனையே முன்னோடி என்பர். 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றி, நாய்களின் மூதாதையர் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கியது.

அதே 1859இல், நியூகாசில் கண்காட்சிக்கு மறுமாதம், ஜூலை 26 அன்று, திருவிதாங்கூர் அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. தென் திருவிதாங்கூரில் பல்லாண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக, நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என அவ்வறிக்கை இசைந்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது என்ற விலக்கையும் உடன் வைத்தது. துணி தடுக்கப்படவில்லை, துணி தரும் தகுதி தடுக்கப்பட்டது. ஒரு நாட்டில் நாய்க்குக் கண்காட்சி நடைபெற்ற ஆண்டிலேயே, மற்றொரு நாட்டில் மனிதர் தம் குல அடையாளத்தின் கட்டை ஒரு சிறிதே அவிழ்த்தனர். இவ்விரண்டிற்கும் நேர்த்தொடர்பு இல்லை. எனினும் அடையாளம் என்பது எத்தகையது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு ஒருங்கே உணர்த்துகின்றன.

நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தம் மக்களுக்கு விலக்கப்பட்ட பொதுச்சாலையில் ஏறிச் சென்றார். எதிர்ப்பும் தாக்குதலும் எழுந்தன. வண்டி புதிதன்று, நாள்தோறும் அச்சாலையில் ஓடியதே. அதில் அமர்ந்தவரே புதியவர். ஒரு பொருள் தன்னளவில் வர்க்கச் சின்னம் ஆவதில்லை. இன்னார் அதனை வைத்திருக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் தடுக்கும்போதே அது சின்னமாகிறது. இவ்வுண்மையைக் கைவிளக்காகக் கொண்டு, நாயைப் பொருளாகக் கொண்ட மூன்று படைப்புகளை நோக்குவோம்.

மூன்று படைப்புகள்

முதலாவது, தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘வெள்ளப்பொக்கத்தில்’ என்னும் மலையாளச் சிறுகதை. குட்டநாட்டில் வெள்ளம் ஏறுகிறது. சேன்னன் என்னும் ஒடுக்கப்பட்ட உழைப்பாளி மனைவி மக்களோடு குடிசைக் கூரையில் தஞ்சம் புகுந்து, அவ்வழி வந்த படகொன்றில் ஏறித் தப்புகிறான். ஏறும் பரபரப்பில் நாய் விடுபடுகிறது. தன்னைக் கைவிட்ட வீட்டை அந்நாய் காத்து நிற்கிறது, வாழைக்குலை திருட வந்தோரை எதிர்க்கிறது, இறுதியில் மாள்கிறது. வெள்ளம் வடிந்தபின் தேடிவந்த சேன்னனுக்கு, கிடக்கும் உடல் தன் நாயுடையதுதானா என்று தெளியவும் இயலவில்லை. கோவிவனுக்கும் இந்நாய்க்கும் செயலில் வேறுபாடு இல்லை. அதற்குக் கல் நட்டனர். இதற்கு அடையாளமும் மிஞ்சவில்லை. வேறுபாடு நாயில் இல்லை, உடையவன் நின்ற படியில் உள்ளது. தகழி இதனை எடுத்துரைக்காமல் காட்டியதே கதையின் பெருமை.

இரண்டாவது, மாரி செல்வராஜ் இயக்கி 2018இல் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படம். கருப்பி என்னும் வேட்டை நாய் அதில் ஒரு பாத்திரமாகவே வாழ்கிறது. தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம், கோம்பை போன்ற நாயினங்களின் வேகமும் வீரமும் நாம் அறிந்தவை. அத்தகைய நாயை ஒடுக்கப்பட்ட குலத்து இளைஞர் பெருமையோடு வளர்க்கின்றனர். அப்பெருமையைப் பொறாதவர்கள் அதனைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்கின்றனர். கருப்பி செய்த குற்றம் யாது? அய்யன்காளியின் வண்டி செய்த குற்றம் எதுவோ அதுவே. உயர்ந்த நாய் உயர்ந்தோரைக் காட்டும் என்ற எளிய சூத்திரம் இங்கு உடைந்துபோகிறது. நாயின் பெருமை உடையவனை உயர்த்தவில்லை. உடையவனின் சாதி நாயின் உயிரைக் குடித்தது. கருப்பிக்கு ஊரே கூடிச் செய்யும் இறுதிச் சடங்கு, நடுகல் மரபின் தொடர்ச்சியாகவே நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, 2022இல் வந்த ‘ஓ மை டாக்’. கண்பார்வையற்ற சைபீரியன் ஹஸ்கி குட்டியைக் குறையுடையது என்று நாய்ப்போட்டிச் செல்வர் ஒதுக்க, ஒரு சிறுவன் எடுத்து வளர்க்கிறான். சிறுவர் மனத்தில் இரக்கத்தை விதைக்கும் படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறை ஒன்றுண்டு. எந்தப் போட்டி மேடை அக்குட்டியைப் புறந்தள்ளும் மனத்தை வளர்த்ததோ, அதே மேடைக்கே கதை அதனைக் கொண்டு செல்கிறது. சிறுவனின் அன்புக்குச் சான்றிதழ் வேண்டுமா? தகழியும் மாரி செல்வராஜும் கேட்காத சான்றிதழை இப்படம் கேட்கிறது. வர்க்கத்தை எதிர்ப்பதாகத் தோன்றி அதன் தேர்வில் தேறவே விரும்பும் படைப்பு, எதிர்ப்பை முழுமையாக்குவதில்லை.

மறுப்பும் விடையும்

விலையுயர்ந்த நாய் வளர்ப்போர் அனைவரும் பகட்டுக்காகவே வளர்க்கின்றனர் என்று கூறல் நேர்மையன்று. பிள்ளைகள் கடல் கடந்து சென்றபின் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கு நாயே காவல், நாயே பேச்சுத்துணை. அன்பைப் பொய் என்னும் உரிமை நமக்கில்லை. எனினும் அன்பு எல்லா நாயிடத்தும் செல்லும். அதனை இந்த இனத்திடம் மட்டும் செலுத்துவது எது? தார்ஸ்டீன் வெப்லன் என்னும் அமெரிக்க அறிஞர் 1899இல் வெளியிட்ட தம் நூலில், பயனற்றதும் செலவுமிக்கதுமான வளர்ப்பு விலங்கே செல்வத்தை விளம்பரப்படுத்தும் என்றார். பனிநாட்டு அடர்மயிர் நாயை நெய்யாற்றங்கரைப் புழுக்கத்தில் மின்விசிறிக் காற்றில் வைத்துக் காக்கும் வழக்கத்திற்கு இவ்விளக்கம் பொருந்துவதே.

அன்றியும், இனத்தின் மதிப்பு நாயின் உடலில் இல்லை என்பதற்குக் காலமே சான்று. முதல் உலகப் போருக்குப்பின் செர்மன் என்னும் சொல்லை வெறுத்த பிரிட்டானியர் செர்மன் ஷெப்பர்டை அல்சேஷன் எனப் பெயர் மாற்றினர். அப்பெயரே நம் நாட்டிலும் நெடுநாள் வழங்கிற்று. நாட்டு நாய் எனப் பலரும் ஒதுக்கிய நம்மூர் இனங்களுள் இராசபாளையம் 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரை உள்நாட்டு இனங்களை வளர்க்க அழைத்தது. நாய் மாறவில்லை; நோக்குவோர் மாறினர்.

மதிலுக்கு வெளியே

2016 ஆகஸ்டில் நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடலோரமாகிய புல்லுவிளையில், இரவில் கடற்கரைப் பக்கம் சென்ற 65 வயது மூதாட்டி தெருநாய்க் கூட்டத்தால் கடியுண்டு இறந்தார். அவ்வாண்டிலேயே உச்சநீதிமன்றம் கேரளத்தில் நாய்க்கடிபட்டோரின் இழப்பீட்டை ஆராய நீதியரசர் சிரிஜகன் தலைமையில் குழு அமைத்திருந்தது. வர்க்கத்தைக் காட்டுவது எந்த நாயை வளர்க்கிறோம் என்பது மட்டுமன்று, எந்த நாய்க்கு நாம் அஞ்சுகிறோம் என்பதுமாகும். மதில் உள்ளவன் நாய்க்குப் பெயரிட்டு மகிழ்கிறான். மதில் அற்றவள் இருட்டில் பெயரற்ற நாயை எதிர்கொள்கிறாள். செல்வன் வாயிலில் கிடந்த இலாசருவின் புண்ணை நாய்கள் நக்கின என்னும் வேதாகமக் கதையை இவ்வூர்த் தேவாலயங்களில் பலமுறை கேட்டிருக்கின்றோம். அங்கும் வாயிலின் உட்புறம் ஒருவன், வெளிப்புறம் ஒருவன். நாய் வெளிப்புறத்தானோடு நின்றது.

நிறைவாக

இனம் என்னும் சொல் தமிழில் நாய்க்கும் ஆகும், மனிதர்க்கும் ஆகும். புலம்பெயர்ந்து வந்த நம் போன்றோர் அதன் கூர்மையை நன்கு உணர்வோம். வாடகை வீடு தேடிச் செல்லும்போது ஊரும் குலமும் வினவப்பெறுகின்றன. ‘பாண்டிக்காரன்’ என்னும் ஒரு சொல்லில் நம் படிப்பும் பண்பும் அடக்கப்பெறுகின்றன. ஒரே சொல்லால் வகைப்படுத்தப்படுவதன் வலியை அறிந்த நாம், அதே அளவுகோலை நமக்குப்பின் வந்த வடநாட்டுத் தொழிலாளர் மீதோ, நம் குழந்தைகள் தெருவிலிருந்து அன்போடு தூக்கிவரும் குட்டியின் மீதோ வைக்கலாகுமா? ‘இது என்ன சாதி நாய்?’ என்று நாம் வினவும்போது குழந்தை கற்பது நாயைப் பற்றியன்று. மனிதரை அளக்கும் முறையைப் பற்றியே.

ஆகவே, நாயின் இனம் வர்க்கத்தைக் காட்டுமா என்னும் வினாவிற்கு நம் விடை இது. காண்போர் காட்டச் செய்கின்ற அளவுக்கே அது காட்டும். எடுத்தனூர்க் கல்லில் உளி பிடித்த கை, கோவிவனின் இனத்தைப் பொறிக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நாயை நாம் அறிகின்றோம். இனத்தை எழுதாமலே நிலைத்த அப்புகழை நம் இளைஞர்க்கும் எடுத்துரைப்போமாக.