ஆபரேஷனுக்கு முன் மூன்று தவணை: செக்மேட் 816 சொன்னதும் சொல்லாததும்

"ஆபரேஷனுக்கு முன்னாடியே இம்யூனோதெரபி குடுத்தா கட்டியே இல்லாம போயிடுமாமே, அண்ணே?" நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் இருக்கும் ஒரு தம்பி கேட்டார். அவர் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் புற்றுநோய் என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

தம்பி படித்த செய்திக்கு மூலம் செக்மேட் 816 ஆய்வு. 2022-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அறுவை செய்யக்கூடிய நிலையில் இருந்த 358 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கீமோ மட்டும். மறு பாதிக்குக் கீமோவோடு நிவோலுமாப், மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று தவணை. கட்டி உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை நன்றாக அடையாளம் கண்டுகொள்ளும் என்பது கணக்கு. வெட்டி எடுத்ததில் உயிருள்ள புற்றுச் செல்லே இல்லை என்ற நிலை 24 சதவீதம் பேருக்கு. கீமோ மட்டும் என்றால் 2.2.

செய்தி அதோடு நின்றுவிடுகிறது. என் குறை அங்கேதான். நூற்றில் 76 பேருக்குக் கட்டி மறையவில்லை. மருந்து வாங்கியவர்களிலும் சுமார் 16 சதவீதம் பேருக்கு ஆபரேஷனே ரத்தானது (கீமோ மட்டும் வாங்கியவர்களில் 21). ஆனால் ஆய்வின் உண்மையான பலம் செய்தியில் வராத இடத்தில் இருக்கிறது: ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 65 சதவீதம், எதிர்ப்பக்கம் 55.

இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றம் தெரிந்தவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை. இந்திய நோயாளிகளில் இஜிஎஃப்ஆர் மாற்றம் சகஜம். அப்படியானால் முதல் தவணைக்கு முன்னாடியே அந்த டெஸ்ட் ரிசல்ட் கையில் இருக்கணும்.

ஆபரேஷனுக்குப் பிறகும் தொடரணுமா? கீநோட் 671-ல் முன்னால் 4, பின்னால் 13 தவணை வரை கொடுத்தார்கள். பின்னால் கொடுத்ததால் மட்டும் எவ்வளவு லாபம் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. காசு கட்டுகிற வீட்டுக்கு அது சின்னக் கேள்வி இல்லை. மும்பை டாடா மெமோரியலில் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்தே ஆயுள் கூடியதைக் காட்டினார்கள். இங்கே கொடுத்தது 360. அதை அப்படியே நுரையீரலுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்த மாதிரி ஆய்வு நுரையீரலுக்கும் நமக்கு வேணும்.

தம்பியிடம் சொன்னது இதுதான்: எந்த ஸ்டேஜ், மரபணு டெஸ்ட் என்ன சொல்லுது, சர்ஜனும் கீமோ டாக்டரும் சேர்ந்து ஸ்கேனைப் பார்த்தாங்களா? ஜிப்மரோ அடையாறோ, முதல் டிரிப் ஏறுவதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்க.