விரையாத உவகை: 1961ஆம் ஆண்டுத் திரைப்பாடல்கள் மூன்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மெதுவான நடையில் அமைந்த திரைப்பாடல் துயரத்திற்கு உரியது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அந்நடையிலேயே மகிழ்ச்சியைப் பாடும் பாடல்கள் இதனால் தனியே நோக்கப்படுவதில்லை. 1961இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய படங்களிலிருந்து படத்திற்கு ஒன்றாக மூன்று பாடல்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் உவகை மெட்டால் மட்டுமன்றித் தொடரமைப்பாலும் விளைவது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மெல்லிசை, உவகை, கண்ணதாசன், பெயர்ப்பயனிலை, தாலாட்டு, மெய்ப்பாடு

முன்னுரை

கண்ணதாசனின் திரைப்பாடல்கள் குறித்த பேச்சில் தத்துவப் பாடல்களும் சோகப் பாடல்களுமே முன்னிற்கின்றன. பாவமன்னிப்பு என்றவுடன் சிரிப்பையும் அழுகையையும் எதிர்நிறுத்தும் பாடலும், பாலும் பழமும் என்றவுடன் நிலையாமையைப் பாடும் பாடலும் நினைவுக்கு வருகின்றன. துயரப் பாடலில் ஆழம் இருக்கும், மகிழ்ச்சிப் பாடலில் துள்ளல் இருக்கும் என்னும் பகுப்பு கேட்போரிடம் மட்டுமன்றித் திறனாய்விலும் ஊன்றிவிட்டது. மெதுவாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கும் பாடல் இப்பகுப்பில் இடமின்றி நிற்கிறது. அதை 'இனிமையான பாடல்' என்று சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் மூன்று பாடல்களுக்கும் கவிஞர் ஒருவரே. இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர். இயக்குநரும் ஒருவர், வெளிவந்த ஆண்டும் ஒன்று. ஒப்பீட்டிற்கு இதனினும் வாய்ப்பான தொகுதி திரைப்பாடலில் எளிதில் அமையாது.

மெல்லிசை என்னும் சொல்

விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவருக்கும் 1963இல் சென்னையில் நடந்த விழாவில் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. செவ்வியல் இசையின் எதிர்ச்சொல்லாக, எடை குறைந்த இசை என்ற பொருளில் 'மெல்லிசை' அக்காலத்தில் வழங்கியது. இன்று அச்சொல்லின் எல்லை மேலும் விரிந்துவிட்டது. அயனம்பாக்கம், திருவேற்காடு, ஆவடி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களின் ஆடித் திருவிழா மேடைகளில் 'மெல்லிசை நிகழ்ச்சி' என்னும் பதாகையின் கீழ் மிக விரைந்த நடைப் பாடல்களும் அடங்கிவிடுகின்றன. சொல்லில் இருந்த மென்மை வழக்கில் தேய்ந்துவிட்டது.

இச்சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் 'மெல்லிசை வண்ணம்' ஒன்று. அது மெல்லெழுத்து மிக்கு வருவது. அதாவது மென்மை என்பது இசைக்கருவியிலோ தாளத்திலோ மட்டும் அன்று, பாட்டின் எழுத்திலேயே அமையக்கூடியது என்பது இலக்கண நூலாரின் கருத்து. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் விளக்கும் முதனடை, வாரம், கூடை, திரள் என்னும் இயக்கங்களும் இங்குக் கருதத்தக்கவை. முதனடை தாழ்ந்து செல்வது, திரள் முடுகிச் செல்வது. இவை நடையின் பெயர்களேயன்றிச் சுவையின் பெயர்கள் அல்ல. தாழ்ந்த நடை அழுகைக்கு உரியது என்னும் விதி அங்கு இல்லை. அமெரிக்க உளவியலாளர் கேட் ஹெவ்னர் 1936இல் இசை தூண்டும் உணர்ச்சிச் சொற்களை எட்டுத் தொகுதிகளாக வட்டத்தில் அடுக்கியபோதும், அமைதியும் துயரும் வெவ்வேறு தொகுதிகளிலேயே நின்றன. நடையையும் துயரையும் ஒன்றாகப் பிணைப்பது பழக்கம், இயல்பு அன்று.

பெயரால் முடியும் தொடர்கள்

பாவமன்னிப்பு படத்தில் ஜெமினி கணேசனுக்காக பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய 'காலங்களில் அவள் வசந்தம்' இவ்வகைப் பாடலுக்குச் சிறந்த சான்று. ஸ்ரீநிவாஸின் குரல் உயர்ந்து முழங்குவதன்று. தாழ்ந்த குரலில், அருகிலிருந்து சொல்வது போன்றது. அக்குரலின் இயல்புக்கும் பாடலின் தொடரமைப்புக்கும் உள்ள பொருத்தம் எளிதில் கண்ணில் படுவதில்லை.

பாடல் முழுவதும் பன்னிரண்டே அடிகள். முதல் எட்டு அடிகளில் வினைச்சொல்லே இல்லை. ஓர் இனத்தின் பெயர், ஏழாம் வேற்றுமை உருபு, 'அவள்', அவ்வினத்தில் சிறந்த ஒன்றின் பெயர் என்பதே எட்டு அடிகளுக்கும் அச்சு. எழுவாய் கொள்ளும் பயனிலைகளுள் 'பெயர்கொள வருதல்' என்று தொல்காப்பிய வேற்றுமையியல் சுட்டும் வகை இது. பெயர்ப்பயனிலை காலம் காட்டாது. அவள் வசந்தமாக இருந்தாள் என்றோ ஆவாள் என்றோ இங்குச் சொல்லப்படவில்லை. எதுவும் நிகழவில்லை, ஆகவே எதுவும் முடிவதுமில்லை. பாடல் மெதுவாகச் செல்வதற்கான அடிப்படை இதுவே எனலாம். விரைந்து சென்று சேரவேண்டிய நிகழ்ச்சி எதுவும் அத்தொடர்களுக்குள் இல்லை.

இவ்வமைப்பின் முன்மாதிரி பகவத்கீதையின் பத்தாம் இயல் என்பது பலரும் அறிந்தது. அங்குக் கண்ணன் மாதங்களுள் மார்கழியாகவும் பருவங்களுள் வசந்தமாகவும் தன்னைக் கூறிக்கொள்கிறான். கண்ணதாசன் செய்த மாற்றம் ஒரு சொல் அளவினதே: 'நான்' என்ற இடத்தில் 'அவள்' வந்தது. ஆனால் அம்மாற்றம் பாட்டின் திசையையே திருப்பிவிடுகிறது. தன்னைத் தானே அறிவிக்கும் பேருருவின் முழக்கம், மற்றொருவரைக் குறித்து ஒருவன் மெல்லச் சொல்லும் வியப்பாகிறது. கீதையில் அந்த அடுக்கு கேட்பவனைத் திகைக்க வைக்கிறது. இங்கு அதே அடுக்கு ஆற்றுவிக்கிறது.

மார்கழி முன்பனிக்கு உரியது, வசந்தம் இளவேனிலுக்கு உரியது. நிகழ்ச்சி சொல்லும் பாடலாயின் ஒருத்தி ஒரே வேளையில் இரண்டாகவும் இருத்தல் இயலாது. இது நிகழ்ச்சி சொல்லாத பாடல் ஆதலின் முரண் தோன்றவே இல்லை. மேலும் ஒரு நுட்பம்: மலர், பறவை, கனி, காற்று என்னும் வரிசையில் பாடல்களும் ஓர் இனமாக வருகின்றன. அவற்றுள் கவிஞர் தேர்வது தாலாட்டு. மெதுவான பாடல் ஒன்று தன் இனத்தைத் தானே அடையாளம் காட்டிக்கொள்ளும் இடம் அது.

ஒன்பதாம் அடியிலிருந்து அமைப்பு மெல்ல நெகிழ்கிறது. சிரித்தல், அணைத்தல், வளர்த்தல் என வினைகள் தலைகாட்டுகின்றன. ஆயினும் அவை வினைமுற்றாக வாராமல், தொழிற்பெயராகி ஏழாம் வேற்றுமை உருபையே ஏற்கின்றன. பிள்ளை, கன்னி, அன்னை என ஒரு பெண்ணின் வாழ்நாள் மூன்று அடிகளில் கடந்துபோகிறது. அப்போதும் நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. கடைசி அடியில்தான் முதன்முறையாக ஒரு வினைமுற்று வருகிறது, அதுவும் இறந்தகாலத்தில். தன்னைக் கவிஞனாக்கியவள் அவள் என்று அவன் சொல்லும் அவ்வடியில்தான் பாடுபவனைக் குறிக்கும் தன்மைப் பெயரும் முதன்முறையாகத் தோன்றுகிறது. பெயர், தொழிற்பெயர், வினைமுற்று என்னும் இவ்வளர்ச்சி முன்திட்டத்தோடு செய்யப்பட்டதா, கவிஞரின் கைப்பழக்கத்தில் அமைந்ததா என்பது இங்கு முதன்மையன்று. கேட்பவர் பதினோரு அடிகள் அசையாத ஒளியில் இருந்துவிட்டுப் பன்னிரண்டாம் அடியில் ஒரே ஓர் அசைவைக் காண்கிறார்.

இவ்வமைதிக்கு ஒரு விலையும் உண்டு. பாடல் முழுவதிலும் அவள் பேசுவதில்லை. உலகின் சிறந்தவை யாவும் அவளாகின்றன. ஆனால் அவளுக்கென்று ஒரு விருப்பம் கூறப்படவில்லை. அவள் எழுவாயாக நின்று செய்யும் ஒரே வினையின் பயனும் அவனையே சேர்கிறது. பெயர்ப்பயனிலை தரும் நிலைபேறு போற்றப்படுபவளைச் சிலையாக்கும் இடரையும் உடன்கொண்டது. இப்பாடலை மாசற்ற மகிழ்ச்சியின் வடிவமாகப் போற்றுவோர் அம்மகிழ்ச்சி யாருடையது என்று வினவுவதில்லை.

'வேண்டும்' என முடியும் இன்பம்

அவ்வினாவிற்கு அதே ஆண்டின் மற்றொரு பாடல் ஓரளவு விடை தருகிறது. பாலும் பழமும் படத்தில் டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய 'நான் பேச நினைப்பதெல்லாம்' இருவர் மாறிமாறிப் பாடுவது. அதில் தொடர்கள் பெரும்பாலும் 'வேண்டும்' என்று முடிகின்றன. ஒருவர் எண்ணியதை மற்றவர் சொல்லவேண்டும், ஒருவர் கண்டதை மற்றவர் காணவேண்டும் என்ற விழைவு இரு குரலுக்கும் பொது. பிறிதொரு சரணத்தில் இவ்வீறு மாறி 'இல்லை' என்பது வருகிறது. இருவரும் ஒன்றான பின் வேறோர் உலகம் இல்லை என்பது அதன் கருத்து. 'வேண்டும்', 'இல்லை' ஆகிய இரண்டும் காலங்காட்டும் இடைநிலை கொள்ளாதவை. இங்கும் நிகழ்ச்சி தவிர்க்கப்படுகிறது. ஆயினும் வழி வேறு.

படத்தின் கதைப்போக்கில் மனைவி காசநோய்க்கு ஆளாகிறாள். ஆகவே இப்பாடலைத் திரும்பக் கேட்பவர் அதில் துயரத்தின் முன்நிழலைக் காண்பதுண்டு. அது கதை தரும் நிழல். பாட்டின் சொற்களில் அது இல்லை.

ஒரே மெட்டில் உவகையும் அழுகையும்

பாசமலர் படத்தின் 'மலர்ந்தும் மலராத' மூன்றனுள் மிகச் சிக்கலானது. பிரிவுற்ற அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டும் பாடல் இது. சௌந்தரராஜன், சுசீலா குரல்களே இங்கும். தமிழரின் நினைவில் இது துயரப் பாடலாகவே பதிந்துள்ளது. சொற்களை மட்டும் எடுத்து நோக்கினால் பாடலின் பெரும்பகுதி மகிழ்ச்சியே.

தொடக்கம் முழுவதும் பாதிநிலைகளால் ஆனது. பாதி மலர்ந்த மலர், பாதி விடிந்த காலை: ஒரு வினையும் அதன் எதிர்மறையும் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று நிறுத்திவைக்கின்றன. துயிலுக்கும் விழிப்பிற்கும் இடைப்பட்ட குழந்தையின் கண்ணுக்கு இதனினும் பொருந்திய தொடரமைப்பு இல்லை. அடிகளின் இறுதியில் வரும் வண்ணம், அன்னம், தென்றல், மன்றம் ஆகிய சொற்களில் மெல்லினம் மீண்டும் மீண்டும் ஒலிப்பது, செய்யுளியல் கூறும் மெல்லிசை வண்ணத்திற்குத் திரைப்பாடலில் கிடைக்கும் தெளிந்த சான்று.

அடுத்து வருவது செல்வ வருணனை. யானைப்படையோடு வென்று ஆளப் பிறந்தவன் என்றும், தங்கக் கடியாரமும் வைர மாலையும் தந்து மணம் பேச வருவார்கள் என்றும் சொல்லப்படுகிறது. தாலாட்டில் பொருள்களை அடுக்குதல் பழைய மரபு. பெரியாழ்வாரின் தாலாட்டுப் பதிகத்தில் பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான், பிற தேவர்கள் அணிகலன்களை அனுப்புகிறார்கள். கண்ணதாசன் அவ்வரிசையில் கடியாரத்தைச் சேர்த்தது இருபதாம் நூற்றாண்டுத் திருமணச் சந்தையை அறிந்த குறும்பு. மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு கூறும். அவற்றுள் முதலாவதான செல்வம் இங்கு முழுமையாக ஆளப்பட்டுள்ளது.

பின்னர்த் தங்கையின் குரல் வருகிறது. மெட்டு பெரிதும் மாறவில்லை, நடையும் மாறவில்லை. மாறுவது தொடரமைப்பு. தன்னைச் சிறகில் மூடி மகளைப் போல் வளர்த்தவன் கதையையும், இடையில் காலம் புகுந்து பிரித்த கதையையும் சொல்லட்டுமா என்று அவள் குழந்தையிடம் கேட்கிறாள். 'கதை' என்னும் சொல்லும், வளர்த்தல், பிரித்தல் என்னும் வினைகளின் இறந்தகாலப் பெயரெச்சங்களும் இங்குத்தான் சேர்ந்து வருகின்றன. நடந்து முடிந்த ஒன்று பாட்டுக்குள் நுழைந்தவுடன், அதுவரை வாழ்த்தாக ஒலித்த அதே மெதுநடை அழுகையாகிவிடுகிறது. அழுகைக்குத் தொல்காப்பியம் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றுள் இழவு இங்குப் பொருந்தும். ஆனால் அவ்விழவை உணர்த்துவது தாளம் அன்று.

பாவமன்னிப்பு பாடலின் கடைசி அடியிலும் இறந்தகாலம் வந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். இறந்தகாலம் தன்னளவில் துயரைத் தருவதில்லை. அங்கு நடந்து முடிந்தது ஒருவன் ஒன்றாக ஆனது. இங்கு நடந்து முடிந்தது ஒன்றாக இருந்தவர் இருவரானது. தங்கை இதை உணர்ந்தவளாகவே பாடலை முடிக்கிறாள். மண்ணும் கடலும் வானும் மறைந்தாலும் மறத்தலும் பிரித்தலும் இயலாதவை என்கிறாள். 'முடியாது' என்னும் சொல்லை இருமுறை ஆண்டு, மீண்டும் நிகழ்ச்சியற்ற தொடருக்கே அவள் திரும்புகிறாள். குழந்தை உறங்கும்வரை அத்தொடரைவிட்டு அவளால் வெளியே வர இயலாது.