கடனின்றிக் கரையிறங்க

சிரம்பானுக்குத் தெற்கே, சுங்கை காடுட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இன்று அங்கே செம்பனை நிற்கிறது. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை வளர்ந்திருக்கிறது. உழைக்கும் கைகளும் மாறிவிட்டன. தமிழகத்திலிருந்து வந்து பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நெகிரி செம்பிலான் தோட்டங்களை விட்டு வெளியேற, அந்த வேலைகளுக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்திருக்கிறார்கள். இவர்களைக் கொடிய சுரண்டலிலிருந்து காப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் சோதனை, வழக்கு, அபராதம் ஆகியவையே முன்னால் வருகின்றன. விமானம் ஏறுமுன்பே தொழிலாளியின் தலையில் ஏறிவிடும் கடன் பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தக் கடனைக் குறிவைத்து இதே மண்ணில் 1907இல் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி உருவான தமிழர் குடியேற்ற நிதி, பின்னாளில் இந்தியர் குடியேற்ற நிதி எனப்பட்டது. அதன் அடிப்படை ஏற்பாட்டை நாம் மீண்டும் கையில் எடுக்க வேண்டும் என்றும், அதை நடத்திய முறையை அறவே கைவிட வேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

நிதிக்கு முன்பு, ஆளைக் கொண்டுவர ஒரு தோட்டம் முன்பணம் கொடுத்தது. அந்தத் தொகை தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. பணம் போட்ட துரைக்கு அவன் விலைகொடுத்து வாங்கிய பொருள்போல ஆனான். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் ஓடிப்போன குற்றவாளி. நிதி இந்த முடிச்சைத் திறமையாக அவிழ்த்தது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அனைவரும், அவர்கள் உழைத்த நாட்களைக் கணக்கிட்டுப் பொது நிதிக்கு வரி கட்டினார்கள். கப்பல் கூலியும் வழிச்செலவும் அதிலிருந்தே கொடுக்கப்பட்டன. வந்து இறங்கியவன் சட்டப்படி யாருக்கும் கடன்பட்டவன் அல்லன். ஒரு மாத முன்னறிவிப்போடு வேலையை விட்டு விலகலாம். செலவை எல்லோரும் சேர்ந்து ஏற்றதால், ‘இவன் என் காசில் வந்தவன்’ என்று தனியொரு தோட்டம் உரிமை கொண்டாட இடமில்லாமல் போனது. நிதியின் உண்மையான பலம் இதுதான். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டபோது தோட்டத் தொழில் ஆட்டம் காணாததற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் இந்த நிதி தொழிலாளிமீது கொண்ட இரக்கத்தில் பிறந்ததன்று. ஆள்வரத்து குறையாமலும் கூலி ஏறாமலும் இருக்கவே தோட்ட முதலாளிகள் அதை விரும்பினார்கள். அதை நிர்வகித்த குழுவிலும் அவர்களும் அதிகாரிகளுமே செல்வாக்குடன் இருந்தார்கள். கப்பல் கடன் ஒழிந்த இடத்தில், ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் கைமாற்றும் கடைக்கணக்கும் வந்து உட்கார்ந்தன. தன் கூட்டத்தில் வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் காசு வாங்கிய கங்காணி, அவர்களை எளிதில் போகவிடுவாரா? 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டு, பிறகு அதற்கும் கீழே போனது. வேலையிழந்தவர்கள் பெருந்திரளாக ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அதே நிதியின் செலவில். மந்தகாலச் சுமையை முதலாளிகள் இறக்கி வைக்க உதவிய கருவியாகவும் அது பயன்பட்டது. 1923 முதல் மலாயாவில் இருந்த இந்திய அரசின் முகவர் அறிக்கை எழுதலாம், உத்தரவிட முடியாது. நிலைமையை ஆராய இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி, கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்தச் சொன்ன அறிக்கை 1937இல் வந்தது. மறு ஆண்டு இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்துக்குத் தடைபோட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அதற்கு ஆட்சியாளர்கள் துப்பாக்கியால் பதில் சொன்னார்கள், தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கடனின்றி வந்தவர்களுக்கும் கூடிப் பேசும் உரிமை இல்லையென்றால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றைய நிலை தலைகீழ். சட்டங்களுக்குக் குறைவில்லை. கடப்பிதழைப் பறித்து வைப்பது குற்றம். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் விரிவாக்கப்பட்டது. கட்டாய உழைப்பைத் தண்டிக்கும் பிரிவு 2023 முதல் வேலைச் சட்டத்தில் இருக்கிறது. கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, அமெரிக்கச் சுங்கத்துறை 2020இல் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளுக்கும், பின்னர் எஃப்ஜிவி, சைம் டார்பி நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கும் தடைபோட்டது. அதன் பிறகே ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தரும் பெரிய முயற்சிகள் நடந்தன. டாப் குளோவ் மட்டும் 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தது. ஏழைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாத பணம் எவ்வளவு வாங்கப்பட்டிருந்தது என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி. இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. முதலாளிகள் இன்றும் ஆள்வரி கட்டுகிறார்கள்: தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு ஆளொன்றுக்கு 1,850 ரிங்கிட், தோட்டத்துக்கு 640. காலனிய ஆட்சியில் அந்த வரி தொழிலாளியின் பயணச் செலவானது. இன்று அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. வேலைப் பெர்மிட்டோ தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகிறது. 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில், வந்தும் வேலை கிடைக்காத 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்கு நடந்து போனார்கள். கைதானவர்கள் அவர்களேதான்.

செலவு செய்து கூட்டிவந்த ஆள் நாளையே வேறிடம் போனால் என் பணம் என்னாவது என்று முதலாளிகள் கேட்கிறார்கள். சிறிய பட்டறைக்காரருக்கு இது நியாயமான பயம். தனித்தனியே செலவழிக்கும் வரைக்கும் இந்தப் பயம் தீராது. பொது நிதியில் செலவழித்தால், இன்று இவரை விட்டுப் போகும் ஆளும் நாளை இவரிடம் வரும் ஆளும் ஒரே கணக்கில் அடங்கிவிடுவார்கள். அதனால்தான் கடன் ஒழிப்பும் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்தே வரவேண்டும் என்கிறேன். அனுப்பும் நாட்டு முகவர்கள் எப்படியும் திரைமறைவில் பணம் பிடுங்குவார்கள் என்பது இதைவிட வலுவான மறுப்பு. முதலாளியே செலவை ஏற்க வேண்டும் என்று நேப்பாளத்துடன் 2018இல் உடன்பாடு செய்த பிறகும் அந்த வசூல் முற்றாக நின்றுவிடவில்லை. வசூலைத் தடுப்பதோடு நின்றுவிடாமல், வந்து இறங்கியவரிடம் அவர் மொழியில் கேட்டு, கட்டிய பணத்தை முதல் மாதத்திலேயே நிதியிலிருந்து திருப்பித் தந்து, பணம் வாங்கிய முகவரைப் பயன்படுத்திய நிறுவனத்திடம் அதை மீட்க வேண்டும். ரசீது கேட்டு அலைக்கழித்தால் திட்டம் அங்கேயே செத்துவிடும். நிதியை நடத்தும் வாரியத்தில் தொழிற்சங்கமும், வெளிநாட்டுத் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த பேராளர்களும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். இந்தியர் குடியேற்ற நிதியின் வாரிசான தென்னிந்தியத் தொழிலாளர் நிதி 1999இல் சட்டம் இயற்றிக் கலைக்கப்பட்டு, அதன் சொத்து அரசாங்கத்தின் கைக்குப் போனது. பாடுபட்டவர்களின் பெயரால் சேர்ந்த பணம் போகும் திசையை இனியும் அவர்களைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது.