ஹியூமர் என்றால் ஈரம்

கண் மருத்துவப் புத்தகங்களில் மட்டும் ‘ஹியூமர்’ என்ற சொல் இன்னும் தன் பழைய வேலையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. விழியின் முன்பக்கம் இருக்கும் நீருக்கு அக்வியஸ் ஹியூமர் என்று பெயர். பின்பக்கத்தை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற பொருளுக்கு விட்ரியஸ் ஹியூமர். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ஈரம், நீர்மம் என்றுதான் பொருள். வானிலை அறிக்கையில் வரும் ஹியூமிடிட்டியும் அதே குடும்பம்தான்.

ஈரத்தைக் குறித்த சொல் எப்படிச் சிரிப்பைக் குறிக்க வந்தது என்ற கதையை நம்மில் பலர் எங்காவது படித்திருப்போம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. நடுவழியில் இந்தச் சொல் ஆள் மாறிவிட்டது. முதலில் ஹியூமர் இருந்தது, யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ அவரிடம். இன்று அது இருப்பதாக நாம் சொல்வது சிரிக்கிறவரிடம், சிரிக்க வைக்கிறவரிடம். வேரியபிள் பெயர் அதேதான், ஆனால் வேறு யாரையோ சுட்டுகிறது. இதனால் நாம் இழந்தது என்ன என்பதுதான் என் கேள்வி.

கிரேக்க மருத்துவத்தில் உடம்பின் நீர்மங்கள் நான்கு: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவை சமமாக இருந்தால் ஆரோக்கியம், ஒன்று மிஞ்சினால் நோய். பொது ஆண்டு 2ஆம் நூற்றாண்டில் காலன் இதை விரித்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்த நான்கையும் நான்கு வகை மனிதர்களாக்கினார்கள். மெலங்கலி என்ற சொல்லை உடைத்துப் பார்த்தாலே உள்ளே கரும்பித்தம் கிடைக்கும். நம்ம வாதம்-பித்தம்-கபம் வேறு கணக்கு. ஆனாலும் ‘பித்தம் தலைக்கேறிடுச்சு’ என்று பேசுகிற மொழிக்காரருக்கு இந்த நினைப்பு அந்நியமாக இருக்காது. இதில் கவனிக்க வேண்டியது, நான்கும் எல்லோர் உடம்பிலும் உண்டு என்பது. வைத்தியர் உடம்பிலும்தான்.

1598இல் பென் ஜான்சன் இதை மேடைக்குக் கொண்டுவந்தார். ‘எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்’ நாடகத்தில் நடித்தவர்களில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். மனைவி மேல் சந்தேகம் பிடித்த வியாபாரி, வீரம் பேசியே காலம் தள்ளும் சிப்பாய் என ஆளுக்கொரு ஹியூமர். அதில் ஸ்டீபன் என்று ஒரு கிராமத்து அசடு. சோகமாக இருப்பதுதான் அப்போதைய ஃபேஷன் என்று தெரிந்ததும், உட்கார்ந்து சோகப்பட ஒரு முக்காலி கிடைக்குமா என்று விசாரிக்கிறான். இன்று இன்ஸ்டாகிராமில் சோகத்துக்கு லைட்டிங் தேடுகிறவர்களுக்கு இவன்தான் மூதாதை.

சொல் அதற்குள் மலிந்துவிட்டது. தொப்பியில் ஒரு இறகு செருகினாலும் அதை ஹியூமர் என்றார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யில் வரும் நிம் என்ற கார்ப்பரல் எதற்கெடுத்தாலும் வாக்கியத்தின் வாலில் இந்தச் சொல்லைக் கட்டிவிடுகிறான். நம்ம ஆட்கள் எல்லாவற்றுக்கும் ‘வைப்’ சொல்வது மாதிரி. ஜான்சன் 1599இல் எழுதிய அடுத்த நாடகத்தின் முன்காட்சியில், ஆஸ்பர் என்ற பாத்திரத்தை விட்டு விளக்கம் கொடுக்க வைத்தார். ஒரு குணம் மனிதனை முழுசாகப் பிடித்து, அவனுடைய சக்தி அனைத்தையும் ஒரே திசையில் இழுத்துப்போனால்தான் அது ஹியூமர். மற்றதெல்லாம் வேஷம். ஊரைத் திருத்தப் போவதாகச் சவால் விடும் இந்த ஆஸ்பர், பிறகு நாடகத்துக்குள் இறங்கி நடிப்பது பொறாமையே உருவான மசிலென்டே வேடத்தில். ஊரை எள்ளுகிறவனுக்கும் ஒரு நோயைக் கொடுக்கிறார் ஜான்சன். அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்த நேர்மை இதுதான்.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் சொல் மெல்லத் திரும்புகிறது. 1695இல் நாடகாசிரியர் காங்கிரீவ் ஒரு கடிதத்தில் ஹியூமரை விளக்கும்போதும், அது ஒரு மனிதனின் தனித்த, தவிர்க்க முடியாத தன்மைதான். ‘ஹியூமரிஸ்ட்’ என்றால் அப்படிப்பட்ட விசித்திர ஆள். பிறகு அவனை நடித்துக் காட்டுகிறவர், அவனைப் பற்றி எழுதுகிறவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ‘சென்ஸ் ஆஃப் ஹியூமர்’ என்ற தொடர் பரவி, அது மதிப்புள்ள ஒரு தகுதியாகவும் ஆகிவிட்டது. ஈரம் காய்ந்து சர்டிபிகேட் ஆனது இப்படித்தான்.

அந்த சர்டிபிகேட்டை இன்று எப்படிப் பயன்படுத்துகிறோம்? நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவரின் ஆங்கில உச்சரிப்பை மீட்டிங் முடிந்ததும் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். ஒருநாள் அவர் முகம் சுண்டிப்போனது. உடனே வந்த கேள்வி: “என்ன ப்ரோ, ஹியூமர் சென்ஸே இல்லையா?” இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய வைத்தியம் அப்படியே திரும்பி வந்துவிட்டது, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. அடிபட்டவர் உடம்பில் ஏதோ குறை என்று கண்டுபிடிக்கிறோம். அடித்தவருக்கு மட்டும் நாடி பார்ப்பதில்லை. ரோஸ்ட் வீடியோக்களில் பாதி எனக்குச் சலிப்பதும் இதனால்தான். கடுமையாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. பேசுகிற ஆள் துளி நனையாமல் கரையில் நிற்கிறார், அதுதான் பிரச்சினை.

லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யில் (1759–67) வரும் டோபி மாமா இதற்கு நேரெதிர். நமூர் முற்றுகையில் அடிவயிற்றுக்குக் கீழே காயம்பட்டவர். ஊர் திரும்பி, தோட்டத்தில் கோட்டை மாதிரிகள் கட்டிப் போர் விளையாடுகிறார். அவரைக் கட்டிக்கொள்ள நினைக்கும் விதவை, காயம் எங்கே பட்டது என்று கவலையோடு கேட்கிறாள். அவர் இடத்தைக் காட்ட நமூர் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் காயத்துக்கு அவரிடம் வேறு மொழி இல்லை என்பதும் அதே நொடியில் உறைக்கிறது. கதைசொல்லியும் லேசுப்பட்டவன் இல்லை, தான் பிறந்த கதையைத் தொடங்கியவன் பிறப்பதற்கே பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்கிறான். கிறுக்கனைப் பற்றி இன்னொரு கிறுக்கன் பேசுகிறான். சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் இங்கே ஒரே ஆளிடம் இருக்கின்றன.

1908இல் ‘லுமோரிஸ்மோ’ என்ற நூலில் பிராண்டெல்லோ இதைக் கோட்பாடாகவே ஆக்கினார். அவர் தரும் உதாரணம்: தலைக்குச் சாயம் பூசி, முகத்தில் அப்பிக்கொண்டு, இளம்பெண்போல உடுத்திய ஒரு கிழவி. பார்த்ததும் சிரிப்பு வருகிறது. ஒரு கிழவி இருக்க வேண்டியதற்கு நேர்மாறாக இருக்கிறாளே என்று கவனித்ததால் வந்த சிரிப்பு அது. தன்னைவிட வயதில் குறைந்த கணவனின் அன்பு போய்விடக் கூடாதென்று, மனசுக்குள் வேதனைப்பட்டுக்கொண்டே இதைச் செய்கிறாளோ என்று தோன்றினால்? முதல் சிரிப்பு நிற்காது. அதைத் தாண்டி உள்ளே போய்விடுவோம். முதலாவது வெறும் காமிக், இரண்டாவதுதான் ஹியூமர் என்கிறார் அவர். நல்ல எழுத்து கிழவியைக் காப்பாற்றச் சிரிப்பை அழிப்பதில்லை. சிரிப்பை வைத்துக்கொண்டே நம்மை அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

தமிழில் ஹியூமருக்கு நாம் வைத்த பெயர் நகைச்சுவை. கிரேக்கர்கள் இந்த நீர்மங்களுக்கு வைத்த சொல்லுக்கும் சாறு, சுவை என இரண்டு பொருளும் உண்டு. சமஸ்கிருத ‘ரஸ’மும் அப்படியே. நேரடி உறவு எதுவும் இல்லாமலே மூன்றும் அருகருகே வந்து நிற்கின்றன. தொல்காப்பியம் நகைக்குக் காரணமாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்பதே உடம்பில் தெரிவது. எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கத்தில் இரண்டு வழி இருக்கிறது: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறரால் எள்ளப்பட்டபோது தான் சிரிப்பது. இரண்டாவதை அவர் விட்டுவிடவில்லை.

ஒரு பகடிக் கதையையோ ஸ்டாண்ட்-அப்பையோ மதிப்பிட நான் இப்போது வைத்திருக்கும் கேள்வி எளிமையானது. எவ்வளவு சிரித்தேன் என்பது முதல் கணக்கு. அதற்குப் பிறகு, இந்த ஹியூமர் யாருடைய உடம்பில் இருக்கிறது என்று பார்க்கிறேன். அடுத்தவர் உடம்பில் மட்டும் என்றால் அது வெறும் ரிப்போர்ட். எழுதியவர் உடம்பிலும் இருந்தால், இன்னொரு முறை படிப்பேன்.