செலஸ்டா யாருக்கு?

நட்கிராக்கர் பாலேயில் பெரிய நடனமணி தன் வித்தையைக் காட்டுவதற்குள் ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். முதல் அங்கம் முழுக்கக் குழந்தைகள், எலிகள், பொம்மைச் சிப்பாய்கள். இரண்டாம் அங்கத்தில் மிட்டாய் ராஜ்யத்தின் அரசியாக வந்து நிற்கும் சுகர் பிளம் தேவதைக்கும் கதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கதையின் நாயகியான சிறுமியை வரவேற்கிறாள், ஊர் ஊராக வந்த ஆட்டங்களை அவளுக்குக் காட்டுகிறாள், கடைசியில் தன் துணைவனோடு ஓர் இணை நடனம் ஆடுகிறாள், அவ்வளவுதான். 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியபோதே விமர்சகர்கள் இதைச் சொல்லிக் குறைபட்டார்கள். அதே இரவில் சாய்கோவ்ஸ்கியின் 'இயலாந்தா' ஓபராவும் நடந்தது. ஓபரா முடிந்து, குழந்தைகள் ஓடி விளையாடி, எலிச்சண்டை ஓய்ந்து, பனி பெய்து தீர்ந்த பிறகுதான் இத்தாலிய நடனமணி அந்தோனியெட்டா தெல்லேரா வந்தார்.

இந்தக் கோளாறு இல்லாமல் இருந்தால், நட்கிராக்கர் பதிவுகளை வீட்டில் போட்டுப் பார்ப்பதில் இத்தனை ருசி இருந்திருக்காது என்பது என் கட்சி. இதை எடுத்துக் கையாண்ட ஒவ்வொரு நடன அமைப்பாளரும் அந்தப் பழைய ஓட்டையைத் தன் வழியில் அடைக்கப் பார்த்திருக்கிறார். அரங்குக்குப் போகிறவர் டிசம்பருக்கு ஒன்றாக, பெரும்பாலும் தன் ஊர்க் குழுவின் விடையையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் இருக்கிற நமக்கு லண்டன், நியூயார்க், மாஸ்கோ, பிரஸ்ஸல்ஸ் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் கிடைக்கும். ஒரே தோடியை நாலு வித்வான்களின் ஒலிநாடாவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிறிஸ்துமஸ் முந்தின இரவு விருந்து. ஞானத்தந்தை முறையான டிராசல்மையர், பொம்மைகளும் கடிகாரங்களும் செய்கிறவர், சிறுமிக்குக் கொட்டை உடைக்கும் மரச்சிப்பாய் ஒன்றைப் பரிசாகத் தருகிறார். நள்ளிரவில் கிறிஸ்துமஸ் மரம் வளர்கிறது, எலிராஜாவோடு போர் மூள்கிறது, சிறுமி தன் செருப்பை எறிந்து பொம்மையைக் காப்பாற்றுகிறாள், பொம்மை இளவரசனாகிறது, இருவரும் பனிக்காட்டைக் கடந்து மிட்டாய் ராஜ்யத்துக்குப் போகிறார்கள். மூலம் ஹாஃப்மன் 1816இல் ஜெர்மன் மொழியில் எழுதிய கதை. அதில் இருட்டு அதிகம். அலெக்சாந்தர் துமா பிரெஞ்சில் அதை மென்மையாக்கினார்; பாலேக்கு வந்தது துமாவின் பானம்தான், இன்னும் சர்க்கரை கூட்டி. மரியுஸ் பெத்திபா எந்த இடத்தில் எத்தனை அட்சரம் இசை வேண்டும் என்பதுவரை சாய்கோவ்ஸ்கிக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு உடல்நலம் கெட்டு ஒதுங்கிவிட, நடனங்களை அமைத்தவர் அவருடைய உதவியாளர் லெவ் இவானோவ்.

எந்தப் பதிவைப் போட்டாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: செலஸ்டாவுக்கு ஆடுவது யார்? செலஸ்டா பார்க்க ஒரு குட்டிப் பியானோ. உள்ளே சுத்தியல்கள் தட்டுவது கம்பிகளை அல்ல, எஃகுத் தகடுகளை. பாரிஸில் முஸ்தெல் என்பவர் 1886இல் உருவாக்கியது. 1891இல் அதைக் கேட்டு மயங்கிய சாய்கோவ்ஸ்கி, ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் கிளாஸுனோவுக்கும் மூச்சு விடாமல் அதை ரஷ்யாவுக்கு வரவழைக்கும்படி தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். தனக்கு முன்னால் அவர்கள் அதை உபயோகித்துவிடுவார்களோ என்ற பயம்! அந்த மணிச்சத்தம் மேலே சொட்டச் சொட்ட, கீழே பேஸ் கிளாரினெட் முனகலாகப் பதில் சொல்லும். இரண்டாம் அங்கத்தில் அந்தச் செலஸ்டாவுக்கென்று இருக்கும், இரண்டு நிமிடம் நீடிக்கும் தனி நடனம் யாருக்குப் போகிறதோ, அவர்தான் அந்தத் தயாரிப்பின் நாயகி.

இவானோவின் ஏற்பாட்டில் அது தேவதைக்கு உரியது. லண்டன் ராயல் பாலேக்காகப் பீட்டர் ரைட் 1984இல் அமைத்த தயாரிப்பும் அப்படியே வைத்திருக்கிறது. புரட்சிக்குப் பின் ரஷ்யாவிலிருந்து வெளியே வந்த பழைய நடனக் குறிப்பேடுகள் இன்று ஹார்வர்டில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு இவானோவின் அடவுகளில் மிஞ்சியதைக் காப்பாற்றும் முயற்சி அது. கதையின் ஓட்டைக்கு ரைட் வேறு இடத்தில் ஒட்டுப்போட்டார். டிராசல்மையரின் மருமகன் எலியரசியின் சாபத்தால் மரப்பொம்மை ஆனவன். அவனை மீட்க ஒரு பெண்ணின் அன்பு வேண்டும். அதற்காகவே கதையின் சிறுமி கிளாராவுக்கு அந்தப் பொம்மை வருகிறது. ஹாஃப்மனிடம் இருந்து, பாலேயில் விட்டுப்போன இழை இது. பின்னால் ரைட் கிளாராவைச் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் விடவில்லை, மிட்டாய் ராஜ்யத்து ஆட்டங்களுக்குள் இறக்கிவிட்டார்.

2000இல் எடுத்த ராயல் பாலே பதிவில் கிளாராவாக வருபவர் அலினா கொஜொகாரு. விருந்துக் காட்சியில் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, பொம்மையை வைத்துக்கொண்டு இவர் ஒரு ஓரத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நடிக்கிற தடயமே இல்லை. தேவதையாக மியாகோ யோஷிடா. செலஸ்டா நடனத்தில் ஒரு கால் இன்னொன்றைத் துரத்துவதுபோல் துள்ளி, அந்தத் துள்ளலுக்குள் பாதங்கள் காற்றில் சின்ன வட்டம் போடும் ஓர் அடவு உண்டு. பலருக்கு அது உதறலாகத்தான் வரும். யோஷிடாவுக்கு வட்டம் வட்டமாகவே விழுகிறது, அதுவும் செலஸ்டாவின் ஸ்வரத்தின்மேல். அரங்கில் பத்தாம் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் இதைப் பார்த்திருக்க முடியாது. நாம் பின்னோக்கி ஓட்டி இன்னொரு தரமும் பார்க்கலாம்.

ஜார்ஜ் பாலன்ஷைன் 1954இல் நியூயார்க்கில் செய்தது வேறு. சிறுவனாக மரின்ஸ்கி மேடையில் இதே பாலேயில் ஆடியவர் அவர். வளையத்துக்குள் பாய்ந்து ஆடும் மிட்டாய்க்கோல் நடனத்தைத் தான் ஆடிய ஞாபகத்திலிருந்தே நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். செலஸ்டா நடனத்தைக் கடைசியிலிருந்து பிடுங்கி இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் நட்டார். தேவதை கதைக்கு வெளியே இருப்பவள்தான், ஆனால் அங்கம் திறந்ததுமே அவள் யாரென்று தெரிந்துவிடுகிறது. எளிமையான யோசனை. எத்தனை பேருக்குத் தோன்றியது?

ரஷ்யர்கள் தேவதையையே தூக்கிவிட்டார்கள். 1934இல் லெனின்கிராடில் வைனோனென், 1966இல் மாஸ்கோவில் கிரிகோரோவிச்: இருவரிடமும் சிறுமி கனவுக்குள் வளர்ந்து தானே நடனமணி ஆகிறாள், செலஸ்டா அவளுக்கு. லெனின்கிராடில் பயின்ற மிக்கெய்ல் பரிஷ்னிகோவ், அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக 1976இல் தன் நட்கிராக்கரை அமைத்தபோது அந்த வழியில்தான் போனார். அடுத்த ஆண்டு தொலைக்காட்சிக்காக ஸ்டூடியோவில் படம்பிடித்த அந்தப் பதிவில் கிளாரா, கெல்சி கர்க்லாண்ட்.

என்னிடம் ஒரே ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். காட்சித் தரம் மங்கல், அரங்கப் பொருள்களில் அட்டை வாடை, எலிச்சண்டை சுமார். அதெல்லாம் கர்க்லாண்ட் வரும்வரை. தேவதைகள் ஆடும்போது செலஸ்டா நடனம் ஓர் அரசியின் கொலுவாக இருக்கும். கர்க்லாண்டிடம் அது தன் பாதம் இவ்வளவு சொன்னபடி கேட்கும் என்று அப்போதுதான் கண்டுபிடித்த பெண்ணின் வியப்பு. அதற்குப் பிறகு வரும் பெரிய இணை நடனத்தைப் பரிஷ்னிகோவ் மூவர் நடனமாக்கிவிட்டார்: இளவரசன் ஒரு பக்கம் இழுக்க, விடிந்துவிட்டது வா என்று டிராசல்மையர் மறுபக்கம் இழுக்கிறார். கிளாரா நடுவில். கல்யாணக்களையோடு முடிய வேண்டிய இடம் பிரிவாகிவிடுகிறது. முகத்தை அருகே கொண்டுவரும் கேமரா இல்லாவிட்டால் இந்த மாற்றம் பாதிதான் தைக்கும்.

ஸ்டூடியோ என்பதால் கைதட்டலும் கிடையாது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சாகசம் முடிந்ததும் அரங்கம் அதிர்வது பாலேயின் ஒரு பகுதி என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். இந்த ஒரு பதிவில் அந்த நிசப்தம் கனவு கலையாமல் காக்கிறது.

இசையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது என்பதுதான் விசேஷம். இணை நடனத்தின் மெல்லிசைப் பகுதியில் சாய்கோவ்ஸ்கி எடுத்துக்கொண்டது மேலிருந்து கீழே இறங்கும் சாதாரண ஸ்வர வரிசை, வெறும் அவரோகணம். ஹார்ப் அலையடிக்க, செல்லோக்கள் படிப்படியாக இறங்குகின்றன. அதையே திரும்பத் திரும்ப அடுக்கி, கடைசியில் மொத்த வாத்தியக்குழுவும் சேர்ந்து அதே படிகளில் இறங்கும்போது, இது மிட்டாய்க்கதைக்கான இசைதானா என்று தோன்றும். இந்த பாலேயை எழுதிக்கொண்டிருந்த 1891 வசந்தத்தில், அமெரிக்கா போகும் வழியில் பாரிஸில் ஒரு ரஷ்யப் பத்திரிகையைப் புரட்டியபோதுதான் தங்கை அலெக்சாந்திராவின் சாவை அவர் அறிந்தார். அந்தத் துக்கம்தான் இங்கே இறங்குகிறது என்கிறார்கள் சிலர். நிரூபிக்க வழியில்லை, ஆனால் ஸ்வெத்லானோவ் நடத்திய 2000ஆம் ஆண்டு லண்டன் பதிவைக் கேட்டால் நம்பத் தோன்றுகிறது. அவர் வேகத்தை அவ்வளவு தாழ்த்தியிருக்கிறார். ஆடுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. யோஷிடாவும் அவருடைய துணைவனாக ஆடும் ஜொனாதன் கோப்பும் நிற்கிறார்கள்.

இதே இடத்தில் பாலன்ஷைனிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. நடனமணி ஒற்றைக்கால் நுனியில் அப்படியே நிற்க, துணைவன் அவள் கையைப் பிடித்து நடக்க, அவள் அடி எடுத்து வைக்காமலே மேடையின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போவாள். காலடியில் நகரும் சிறு பலகை. இவானோவ் காலத்து ஏற்பாடுதான் அது. 1993இல் எமில் அர்டோலினோ இயக்கிய திரைப்படத்தில் டார்சி கிஸ்ட்லர் இப்படி வழுக்கிச் செல்வதைப் பார்க்கலாம். ரகசியம் தெரிந்த பிறகும் அழகு குறையவில்லை.

அந்தப் படத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு. மெக்காலே கல்கின் இளவரசன். அப்போது அவர் உலகப் பிரசித்தம். எலிராஜாவை வென்ற கதையைத் தேவதையிடம் கைச்சைகையால் சொல்லும் பகுதி, பழைய மரின்ஸ்கியிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த பொக்கிஷம். சைகைகளைச் சரியாகத்தான் செய்கிறார். முகம்தான் உடன் வரவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பனிக்காட்சியை வெட்டி வெட்டிக் காட்டியதைப் பொறுக்க முடியவில்லை.

பனிக்காட்சி எந்தப் பதிவுக்கும் பரீட்சை. சொல்லில்லாமல் குழந்தைக் குரல்கள் பாட, பனித்துகள்களாக நடனப்பெண்கள் சுழன்று வருவார்கள். இவானோவ் சுமார் 60 பேரை வைத்து நட்சத்திரமாகவும் வட்டமாகவும் கோலம் போட்டார். உயரத்து இருக்கையிலிருந்து பார்ப்பதற்காகவே அமைந்த நடனம். பாலன்ஷைனுக்கு 16 பேர் போதுமாக இருந்தது. எண்ணிக்கை எதுவானாலும் கோலம் முழுசாகத் தெரிந்தால்தான் அது பனி. ஒரு முகத்தையும் ஒரு தோளையும் காட்டினால் அது காகிதம் கொட்டும் மழையில் நனைகிற பெண். ஃபிரெட் அஸ்டேர் தன் படங்களில் தலை முதல் கால்வரை ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தது எவ்வளவு சரி! கர்க்லாண்டுக்கு அருகே வந்த கேமரா பனிக்குத் தள்ளிப்போக வேண்டும். எப்போது எதைச் செய்வது என்று தெரிந்த இயக்குநர்தான் பாலே பதிவின் இன்னொரு நடன அமைப்பாளர்.

கேமரா கெடுக்க முடியாத பனி ஒன்றும் உண்டு. மார்க் மோரிஸ் 1991இல் பிரஸ்ஸல்ஸில் மேடையேற்றிய 'தி ஹார்ட் நட்' பதிவில் ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிவந்து, துள்ளும்போது கைப்பிடிப் பனியை இசைக்குச் சரியாக வீசுகிறார்கள். முதலில் சிரிப்பு வரும். பாதியில் சிரிப்பு நின்று, தாளத்தின் துல்லியம் ஆளைப் பிடித்துக்கொள்ளும். கேலி என்று நினைத்து இதை ஒதுக்குகிறவர்கள், பெரும்பாலான மரியாதையான தயாரிப்புகளைவிட இது இசையை நன்றாகக் கேட்டிருக்கிறது என்பதைத் தவறவிடுகிறார்கள்.

பழைய பதிவுகளில் கூச வைப்பது மிட்டாய் ராஜ்யத்து ஆட்டங்களில் ஒன்றான சீன நடனம். ஆள்காட்டி விரலை உயர்த்தித் தலையை ஆட்டிக் குதிக்கும் கேலிச்சித்திரம். நியூயார்க் சிட்டி பாலே 2017இல் ஒப்பனையையும் சைகைகளையும் மாற்றியது, மற்றவர்களும் மாற்றிவருகிறார்கள். பதிவுகள் மட்டும் எடுத்தது எடுத்தபடியே இருக்கும். குழந்தைகளோடு பார்க்கிறவர்கள் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. அரபு நடனத்தின் மெட்டு ஒரு ஜார்ஜியத் தாலாட்டிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், யாருக்கும் யாருடைய தேசமும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 2000ஆம் ஆண்டு லண்டன் பதிவில் ஆரம்பியுங்கள். கதை அதில்தான் தெளிவு. அதன் சூடு ஆறுவதற்குள் கர்க்லாண்டைப் போடுங்கள், மோரிஸை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையும், நல்ல ஒலிபெருக்கி இரண்டும் வேண்டும். பேஸ் கிளாரினெட் கேட்காவிட்டால் செலஸ்டா வெறும் கிணுகிணுப்பு.