புரோகால்சிடோனின்: எதற்கு நம்பலாம்?

மாதவரத்திலோ திருவொற்றியூரிலோ ஒருவரை ஐ.சி.யூ.வில் சேர்த்தால் உறவினர் காதில் சீக்கிரமே விழும் சொல் பி.சி.டி. "பி.சி.டி. ஏறியிருக்கு, ரத்தத்துல கிருமி கலந்திருக்கு" என்று கேட்டதும் குடும்பமே ஒடுங்கிப்போகிறது. அந்த ஓர் எண்ணுக்கு அவ்வளவு பாரத்தை ஏற்றக் கூடாது.

பி.சி.டி. என்பது புரோகால்சிடோனின், 116 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். நலமாக இருப்பவர் ரத்தத்தில் இது மிகச் சொற்பம். கடுமையான பாக்டீரியா தொற்றில் சில மணி நேரத்திலேயே உயரும். நோய் அடங்கினால் நாளுக்கு ஏறக்குறையப் பாதியாக இறங்கும். இந்தத் தொடர்பை 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்கும் மருத்துவருக்கு இது பெரிய ஆறுதல்தான்.

ஆனால் இது கிருமியைக் காட்டுவதில்லை, உடலின் எதிர்வினையைத்தான் காட்டுகிறது. எண்ணூர் ஆலையில் தீக்காயம் பட்டவருக்கும், கன்டெய்னர் லாரியில் அடிபட்டவருக்கும், பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் தொற்றே இல்லாமல் அளவு ஏறலாம். சிறுநீரகம் பழுதானாலும் அப்படியே. வடசென்னையில் மழைக்குப் பின் நினைத்துப் பார்க்க வேண்டிய எலிக்காய்ச்சல், மலேரியா, உண்ணிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் இது உயரக்கூடும். உண்ணிக்காய்ச்சல்காரருக்கு பி.சி.டி.யை மட்டும் பார்த்து விலையுயர்ந்த மெரோபெனம் ஏற்றினால் பலனில்லை. அவருக்கு வேண்டியது மலிவான டாக்சிசைக்ளின். மறுபுறம், ஓரிடத்தில் அடைபட்ட சீழிலும் பூஞ்சைத் தொற்றிலும் அளவு தாழ்ந்தே இருந்து ஏமாற்றலாம்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. டென்மார்க்கில் 1,200 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பி.சி.டி. ஏறியபோதெல்லாம் மருந்தைக் கூட்டினார்கள். இறப்பு குறையவில்லை, ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்கள்தான் கூடின. நெதர்லாந்தில் 2016இல் வெளியான ஆய்வு எதிர்முனையிலிருந்து பார்த்தது: உச்ச அளவிலிருந்து 80 விழுக்காடு இறங்கினாலோ, 0.5க்கு (நானோகிராம்/மி.லி.) வந்தாலோ ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்றது. மருந்து நாட்கள் ஏழிலிருந்து ஐந்தாயின, இறப்பும் குறைந்தது. பிரிட்டனில் 2,760 பேரிடம் நடந்த 2024 ஆய்வில் மிச்சமானது ஏறத்தாழ ஒரு நாள்தான். சி.ஆர்.பி. என்ற இன்னொரு ரத்தச் சோதனையை வைத்து நிறுத்த முயன்றதில் அதுவும் இல்லை. ஆக, மருந்தை நிறுத்தும் முடிவுக்கே பி.சி.டி. உதவுகிறது, அங்கும் அளவோடுதான். மருந்தைத் தொடங்க இதை நம்ப வேண்டாம் என்பதே 2021ஆம் ஆண்டு சர்வதேச செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) வழிகாட்டுதலின் பரிந்துரை.

இதைத் தலைகீழாகச் செய்வதுதான் என்னை வருத்துகிறது. சேர்த்த அன்று ஒருமுறை பார்த்து மருந்தை ஏற்றிவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்காவிட்டால், கட்டிய பணத்துக்குச் சோதனையின் பயனில் பாதிகூடக் கிடைக்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிராக 2012இல் 'சென்னைப் பிரகடனம்' பிறந்த நகரம் இது. இங்கே அந்தக் கவனக்குறைவு கூடாது.

உங்கள் வீட்டில் ஒருவர் ஐ.சி.யூ.வில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: மருந்து ஏற்றும் முன் கல்ச்சர் எடுத்தீர்களா டாக்டர்? பி.சி.டி.யை மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? ஆன்டிபயாடிக்கை எந்த நாள் நிறுத்தலாம்?