கணினிக் கடையில் தொங்கும் கைலி

துணிக்கடை கட்டுமுன் அதன் உட்புறத்தைக் கணினியில் வரைந்து காட்டும் வழக்கம் இன்று பரவியுள்ளது. சுவரும் விளக்கும் கண்ணாடியும் மெய்போலவே அமைகின்றன. துணி மட்டும் தகடுபோல் விறைத்து நிற்கிறது. ஏன்?

மலாக்காத் தோட்டங்களிலும் பட்டணத்திலும் பழகிய கைலியையே எடுத்துக்கொள்வோம். மலாய் மக்கள் இதனைக் ‘காயின் பெலிக்காட்’ என்பர்; நம் பழவேற்காட்டின் பெயரே அவ்வாறு மருவிற்று. கட்டம் போட்ட துணி மடியுமிடத்தில் கோடுகள் வளைந்து ஒடுங்கி மறைய வேண்டும். நாம் கண்ட படங்கள் பலவற்றிலோ மடிப்பு ஒருபுறம் போக, கட்டங்கள் நேரே ஓடுகின்றன! கைலி உடுத்திப் பழகிய எவரும் இதனை ஒட்டுத்தாள் என்றே கொள்வர்.

துணியைப் புள்ளிகளாலான வலையாகக் கொண்டு, அது விழும் பாங்கைக் கணக்கிடும் முறையைப் பராஃப், விட்கின் என்னும் இருவர் 1998இல் விரைவாக்கினர். மடிப்புக்கு அதனால் வழி பிறந்தது. நிறமோ இன்னும் இடர்ப்படுகிறது. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாற, நிறமும் மாறும். ஒரே சாயம் பூசிய படத்தில் அஃது எங்ஙனம் தோன்றும்?

இங்கே பொருநராற்றுப்படை நினைவுக்கு வருகிறது. கரிகாலன் அளித்த ஆடையைப் பாடும் முடத்தாமக்கண்ணியார், இழையின் போக்கைக் கண் தொடரவியலா நுண்மையை முதலிற் கூறுகிறார். பூவேலை அடுத்து வருகிறது. அதன்பின்னரே பாம்பின் உரி. உரி என்றமையால் மென்மையும் எடையின்மையும் ஒருங்கே பெறப்படும். புலவர் இழையில் தொடங்கினார். இன்றைய படக்காரர் பளபளப்பில் தொடங்குகிறார். பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனி நிறம் தரும் முறைகள் கணினியில் இருக்கவும் அவற்றைக் கையாளாமை சோம்பலேயன்றி வேறென்ன?